டிஜேயா, அகாடமியா, ஏரியா ஹைஸ்கூலா? லவுடன் கவுண்டிப் பெற்றோருக்கு ஓர் ஒப்பீடு

வர்ஜீனியாவின் ஆஷ்பர்ன், பிராம்பிள்டன், ஆல்டி, சவுத் ரைடிங் பக்கம் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில், பிள்ளை ஏழாம் வகுப்பைத் தாண்டும்போது ஒரு கேள்வி வந்துவிடுகிறது: ஒன்பதாம் வகுப்புக்கு எங்கே அனுப்புவது? லவுடன் கவுண்டியில் இருப்பவர்களுக்குக் கட்டணமில்லாத வழிகள் மூன்று உண்டு.

முதலாவது, முகவரியைப் பொறுத்துத் தானாகக் கிடைக்கும் ஏரியா ஹைஸ்கூல்: ராக் ரிட்ஜ், பிரையர் வுட்ஸ், ஜான் சாம்ப், லைட்ரிட்ஜ், இண்டிபெண்டன்ஸ் போன்றவை. இரண்டாவது, லீஸ்பர்கில் 2018-இல் திறந்த ‘அகாடமிஸ் ஆஃப் லவுடன்’. ஒரு நாள் அங்கே, மறுநாள் ஏரியா பள்ளியில் என்று மாறி மாறிப் படிக்கும் ஏற்பாடு இது. மூன்றாவது, பக்கத்து ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டி நடத்தும் தாமஸ் ஜெஃபர்சன் அறிவியல் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளி. எல்லாரும் டிஜே என்று சொல்வது இதைத்தான்.

பேச்சு பெரும்பாலும் டிஜே கிடைக்குமா கிடைக்காதா என்பதிலேயே நின்றுவிடுகிறது. கிடைத்தால் அனுப்பலாமா என்ற கேள்விக்கு யாரும் நேரம் ஒதுக்குவதில்லை. அந்த இரண்டாவது கேள்விதான் இந்தக் கட்டுரை.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல் பிள்ளையின் நாள். எத்தனை மணிக்கு எழ வேண்டும், எத்தனை மணிக்கு வீடு திரும்பும், எத்தனை மணி நேரம் தூங்கும் என்பதைத் தாளில் எழுதிப் பாருங்கள். பதின்ம வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவர்களின் பரிந்துரை. நான்கு ஆண்டுகள் இதில் குறை வைத்தால் வேறு எந்த ஆதாயமும் அதை ஈடுகட்டாது.

இரண்டாவது, பாடத்தின் ஆழம், அதற்காக விட்டுக்கொடுப்பவற்றையும் சேர்த்து. ஆர்கெஸ்ட்ரா, டென்னிஸ், மூன்றாம் மொழி, நாடகம் இவற்றில் எது போகும் என்று கேளுங்கள். மூன்றாவது, பக்கத்து இருக்கையில் யார் இருப்பார்கள் என்பது. தன்னைப் போலவே கணக்கில் மூழ்கும் நான்கு பேர் கிடைத்தால் மலரும் பிள்ளைகள் உண்டு. சுற்றிலும் எல்லாரும் கெட்டிக்காரர்கள் என்றால் சுருங்கிப் போகும் பிள்ளைகளும் உண்டு.

நான்காவது, கல்லூரி. ஐந்தாவது, வெளியே தெரியாத செலவுகள், விசா நிலையால் வரும் தடைகள் உட்பட. ஆறாவது, சரிப்படவில்லை என்றால் திரும்பி வரும் வழி. இந்தக் கடைசி அளவுகோலைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள்.

ரேங்கிங்கை இந்தப் பட்டியலில் சேர்க்காததற்குக் காரணம் இருக்கிறது. யு.எஸ். நியூஸ் பட்டியலில் டிஜே 2020, 2021, 2022-இல் நாட்டிலேயே முதலிடம், 2023-இல் ஐந்தாவது, 2024-இல் பதினான்காவது. அந்த இரண்டு ஆண்டுகளில் அங்கே சொல்லிக்கொடுக்கும் பாடங்கள் பதின்மூன்று படி இறங்கிவிடவில்லை. அந்தப் பட்டியலின் மதிப்பெண்ணில் 30 விழுக்காடு, பன்னிரண்டாம் வகுப்பினரில் எத்தனை பேர் ஏபி அல்லது ஐபி (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரி நிலைப் பாடங்கள்) தேர்வு எழுதித் தேறினார்கள் என்பதற்கு. மாநிலத் தேர்வில் தேர்ச்சிக்கு 20, எதிர்பார்ப்பை மிஞ்சிய தேர்ச்சிக்கு 20. மீதி 30, பின்தங்கிய பிரிவு மாணவர்களின் தேர்ச்சி, பல பாடங்களில் ஏபி தேர்ச்சி, பட்டம் பெறும் விகிதம் ஆகியவற்றுக்குத் தலா 10. இதில் எதுவும் உங்கள் பிள்ளைக்கு அந்தப் பள்ளி பொருந்துமா என்று சொல்லாது. லவுடன் அகாடமி மாணவர்களோ ஏட்டில் தத்தம் ஏரியா பள்ளியின் மாணவர்கள். ஆகவே அகாடமியின் தரத்தை இந்தப் பட்டியலில் தேடிப் பயனில்லை.

## படிக்க வேண்டிய இரண்டு ஆவணங்கள்

வர்ஜீனியா கல்வித் துறை ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் ‘ஸ்கூல் குவாலிட்டி புரொஃபைல்’ வெளியிடுகிறது. மாநிலத் தேர்வான எஸ்ஓஎல் முடிவுகள், வருகைக் குறைவு, பட்டம் பெறும் விகிதம், மேல்நிலைப் பாடங்களில் சேர்ந்தவர்கள் எல்லாம் அதில் கிடைக்கும். பள்ளியின் மொத்த எண்ணை விட்டுவிட்டு, நீண்ட நாள் வராத மாணவர்களின் விகிதத்தையும், மூன்றாண்டுகளாக அது எந்தப் பக்கம் நகர்கிறது என்பதையும் பாருங்கள். பள்ளியின் சூழலைத் தேர்ச்சி விகிதத்தைவிட இது நன்றாகக் காட்டும்.

இரண்டாவது ஆவணம் இன்னும் முக்கியம், ஆனால் அதிகம் பேர் கேட்டு வாங்குவதில்லை. மாணவரின் மதிப்பெண் பட்டியலோடு கவுன்சிலர் கல்லூரிக்கு அனுப்பும் ஓரிரு பக்க ‘ஸ்கூல் புரொஃபைல்’ அது. பள்ளியில் எத்தனை ஏபி பாடங்கள் உள்ளன, ஜிபிஏ (சராசரி மதிப்பெண் புள்ளி) எப்படிக் கணக்கிடப்படுகிறது, ரேங்க் உண்டா, சென்ற ஆண்டு முடித்தவர்கள் எங்கே போனார்கள் என்பவை அதில் இருக்கும். கல்லூரியின் சேர்க்கை அலுவலர் உங்கள் பிள்ளையின் மதிப்பெண்ணை இந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படிப்பார். பள்ளி என்ன கொடுத்தது, அதிலிருந்து பிள்ளை என்ன எடுத்துக்கொண்டது என்பதே அவர் பார்வை.

இதைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை. பாடத்திட்டப் பட்டியலில் இருக்கும் எல்லா வகுப்பும் எல்லா ஆண்டும் நடக்காது. போதிய மாணவர் சேராவிட்டால் அந்த ஆண்டு வகுப்பு கிடையாது. ஏபி பிசிக்ஸ் சி, மல்டிவேரியபிள் கால்குலஸ் போன்றவற்றில் ‘சென்ற ஆண்டு நடந்ததா?’ என்று கவுன்சிலரிடம் நேரடியாகக் கேளுங்கள்.

## ஏரியா ஹைஸ்கூல்

இங்கே மிகப் பெரிய சொத்து நேரம். லவுடன் ஹைஸ்கூல்கள் காலை ஒன்பதரை மணியளவில் தொடங்குகின்றன. எட்டு மணிக்கு எழும் பிள்ளை, நள்ளிரவுக்குப் படுத்தாலும் எட்டு மணி நேரம் தூங்கிவிடும். மாலையில் நீச்சல், விவாத மன்றம், ரோபோட்டிக்ஸ் எதற்கும் பத்து நிமிடப் பயணம். நண்பர்கள் அதே தெருவில்.

அட்டவணை ‘ஏ நாள், பி நாள்’ முறை: ஒரு நாளைக்கு நான்கு நீண்ட வகுப்புகள், மொத்தம் எட்டுப் பாடங்கள். நான்கு ஆண்டுக்கு 32 பாட இடங்கள். வர்ஜீனியாவின் அட்வான்ஸ்டு ஸ்டடீஸ் டிப்ளமாவுக்குத் தேவை 26 கிரெடிட் (ஓராண்டுப் பாடத்துக்கு ஒன்று): ஆங்கிலம், கணிதம், ஆய்வக அறிவியல், வரலாறு தலா 4, உலக மொழி 3, உடற்கல்வி 2, கலை அல்லது தொழிற்கல்வி 1, பொருளியலும் தனிநபர் நிதியும் 1, விருப்பப்பாடம் 3. ஆக, ஆறு இடங்கள் உபரியாக நிற்கும். மூன்று வழிகளில் இவ்வளவு தாராளம் இங்கே மட்டும்தான். நான்கு ஆண்டும் வயலின் வாசிக்கலாம், இரண்டு மொழி படிக்கலாம், கூடுதல் அறிவியலும் எடுக்கலாம்.

ஜிபிஏவில் ஹானர்ஸ் எனும் மேம்பட்ட நிலைப் பாடத்துக்கு 0.5, ஏபிக்கும் டூயல் என்ரோல்மெண்ட்டுக்கும் 1.0 கூடும். டூயல் என்ரோல்மெண்ட் என்பது நார்தர்ன் வர்ஜீனியா கம்யூனிட்டி காலேஜின் கிரெடிட்டைப் பள்ளியிலேயே பெறுவது. வர்ஜீனியா அரசுப் பல்கலைக்கழகங்களில் இவை பெரும்பாலும் செல்லும். வெளிமாநிலத் தனியார் பல்கலைக்கழகங்கள் பல ஏற்பதில்லை. மாநிலத்தில் வசிப்போருக்கான குறைந்த ‘இன்-ஸ்டேட்’ கட்டணத்தில் வர்ஜீனியா டெக்கோ ஜார்ஜ் மேசனோதான் குடும்பத்தின் திட்டம் என்றால் ஒரு செமஸ்டரின் செலவை மிச்சப்படுத்தும் வழி இது. ஏபியில் கல்லூரி கிரெடிட் கிடைப்பது தேர்வு மதிப்பெண்ணைப் பொறுத்தது. 2025-இல் ஒரு தேர்வுக்கு 99 டாலர்.

இங்கே தவறுவது எங்கே? பிள்ளை எட்டாம் வகுப்புக்குள் ஜியோமெட்ரி முடித்து வந்தால், பதினோராம் வகுப்பில் ஏபி கால்குலஸை முடித்துவிட்டு, பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் தேடி நிற்கும். நீண்ட ஆய்வுத் திட்டம் செய்ய வேண்டுமானால் தானே ஆசிரியரைத் தேடிப் பிடிக்க வேண்டும். கேட்டு வாங்கத் தயங்கும் பிள்ளைக்கு இது நிஜமான இழப்பு.

இன்னொன்று, எல்லைக் கோடு. லவுடனில் மக்கள்தொகை கூடக் கூடப் புதிய பள்ளிகள் திறந்தன: ராக் ரிட்ஜ் 2014, இண்டிபெண்டன்ஸ் 2019, லைட்ரிட்ஜ் 2020. ஒவ்வொரு முறையும் சுற்றுவட்டாரத்தின் எல்லைகள் மாறின. ‘அந்தப் பள்ளி வரும்’ என்று வீட்டுத் தரகர் சொன்னதை நம்பி வாங்காமல், கவுண்டியின் முகவரித் தேடலில் வீட்டு எண்ணைப் போட்டுப் பாருங்கள். அடுத்த எல்லை மாற்றத் திட்டம் பள்ளிக் குழுவின் முன் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள்.

## அகாடமிஸ் ஆஃப் லவுடன்

ஒரே கட்டடத்தில் மூன்று பிரிவுகள். 2005-இல் டொமினியன் ஹைஸ்கூலுக்குள் தொடங்கி, பின்னர் இங்கே வந்த அகாடமி ஆஃப் சயின்ஸ்; இன்ஜினியரிங், கணினி, தொழில்முனைவு ஆகியவற்றுக்கான அகாடமி ஆஃப் இன்ஜினியரிங் அண்ட் டெக்னாலஜி; நர்சிங், ஆட்டோமொபைல், சமையல் கலை போன்ற தொழிற்பயிற்சிகள் தரும் மன்ரோ அட்வான்ஸ்டு டெக்னிகல் அகாடமி. முதலிரண்டில் ஒன்பதாம் வகுப்பில் சேர வேண்டும். மன்ரோ பெரும்பாலும் மேல்வகுப்பினருக்கு.

மன்ரோவைப் பற்றி நம் குடும்பங்களில் பேச்சே எழுவதில்லை, அது வருத்தத்துக்குரியது. மருத்துவத் துறையில் ஆர்வமுள்ள பிள்ளை பதினேழு வயதில் நோயாளியின் பக்கத்தில் நின்று பார்க்கும் வாய்ப்பு எந்த ஏபி பயாலஜியிலும் கிடைக்காது.

சயின்ஸ் அகாடமியின் பலம் அதன் பாடம் கட்டப்பட்ட விதம். வேதியியலும் இயற்பியலும் முதல் இரண்டு ஆண்டுகளில் ஒருங்கிணைந்து வருகின்றன. கணிதமும் ஆல்ஜீப்ரா 2, பிரீகால்குலஸ் என்று துண்டு துண்டாக இல்லாமல் தொடர்ச்சியாக ஓடுகிறது. கடைசி இரண்டு ஆண்டுகளில் மாணவர் தானே கேள்வி எழுப்பி, தானே சோதனை வடிவமைத்து ஆய்வு செய்ய வேண்டும். சூத்திரத்தை மனப்பாடம் செய்து நூறு வாங்கிப் பழகிய பிள்ளை முதல் ஆண்டில் தடுமாறும். அது எதிர்பார்க்கப்படுவதுதான். அந்தத் தடுமாற்றத்தைத் தாங்கும் பொறுமை வீட்டிலும் இருக்க வேண்டும். முதல் சி கிரேடைப் பார்த்ததும் டியூஷன் தேடி ஓடினால் அந்தப் பாடத்தின் நோக்கமே கெட்டுவிடும்.

இதே பலத்தில் ஒரு சிக்கலும் ஒளிந்திருக்கிறது. ஒருங்கிணைந்த கணிதத்திலிருந்து நடுவில் வெளியேறினால், ஏரியா பள்ளியில் எந்தக் கணித வகுப்பில் உட்கார்வது என்று குழப்பம் வரும். வெளியேறுவதானால் கல்வியாண்டு முடிவில் வெளியேறுவது நல்லது. மற்றபடி திரும்பி வருவது மூன்றில் இங்கேதான் மிக எளிது. பிள்ளை ஏற்கெனவே பாதி நாள் ஏரியா பள்ளியில் இருக்கிறது. விளையாட்டு அங்கே, நண்பர்கள் அங்கே, டிப்ளமாவும் அந்தப் பள்ளியின் பெயரில்.

பிழிவது நேரம் அல்ல, இடம். 32 இடங்களில் 16 அகாடமிக்குப் போகும். ஏரியா பள்ளியில் மீதி 16. அதில் ஆங்கிலம் 4, வரலாறு 4, மொழி 3, உடற்கல்வி 2, பொருளியல்-நிதி 1 போக இரண்டே இடம் மிஞ்சும். நான்கு ஆண்டும் ஆர்கெஸ்ட்ராவில் இருக்க விரும்பும் பிள்ளைக்கு இது போதாது. வழி இருக்கிறது. பொருளியல்-நிதிப் பாடத்தைக் கோடையில் ‘வர்ச்சுவல் லவுடன்’ மூலம் ஆன்லைனில் முடிப்பது வழக்கம். உடற்கல்வியையும் அப்படி முடிக்கப் பார்க்கலாம். ஸ்பானிஷ் முதல் நிலையை நடுநிலைப் பள்ளியிலேயே முடித்திருந்தால் அதுவும் ஓர் இடம்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. உலக மொழி கிரெடிட்டைத் தேர்வெழுதிப் பெறும் வழியை வர்ஜீனியாவில் சில கவுண்டிகள் வைத்திருக்கின்றன. வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் எட்டாண்டு படித்த பிள்ளை அந்தத் தேர்வில் தமிழ் எழுத முடிந்தால், மொழிக்கான இடங்கள் அப்படியே விடுதலையாகும். அந்த ஆண்டுப் பட்டியலில் தமிழ் இருக்கிறதா, கிரெடிட்டுக்குப் பேச்சும் எழுத்தும் எந்த நிலை வேண்டும் என்று எட்டாம் வகுப்பிலேயே கவுன்சிலரிடம் கேளுங்கள். பதினோராம் வகுப்பில் கேட்டால் அந்த இடம் ஏற்கெனவே நிரம்பியிருக்கும்.

சயின்ஸ் அகாடமியின் பாடப் பெயர்களில் ‘ஏபி’ என்ற முத்திரை இல்லாததைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மேலே சொன்ன ஸ்கூல் புரொஃபைல் அதைக் கல்லூரிக்கு விளக்கும். ஏபி கிரெடிட் வேண்டுமென்றால் பிள்ளை தானே படித்துத் தேர்வெழுத வேண்டியிருக்கும் என்பதை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள்.

## டிஜே

1985-இல் தொடங்கிய இந்தப் பள்ளி, திறன்மிக்க மாணவர்களுக்கென்று மாநிலம் வைத்திருக்கும் கவர்னர்ஸ் ஸ்கூல்களில் ஒன்று. ஃபேர்ஃபாக்ஸ், லவுடன், பிரின்ஸ் வில்லியம், ஆர்லிங்டன், ஃபால்ஸ் சர்ச் பகுதி மாணவர்கள் விண்ணப்பிக்கலாம். லவுடன் பிள்ளைக்கான கட்டணத்தை லவுடன் கவுண்டி கட்டுகிறது, குடும்பம் கட்டுவதில்லை.

உள்ளே என்ன இருக்கிறது? ஒன்பதாம் வகுப்பில் உயிரியல், ஆங்கிலம், தொழில்நுட்பம் மூன்றும் ஒரே குழு மாணவர்களுக்கு இணைத்து நடத்தப்படுகின்றன. கணினி அறிவியல், புவி அமைப்பு அறிவியல், கால்குலஸ் மூன்றும் எல்லாருக்கும் கட்டாயம். பன்னிரண்டாம் வகுப்பில் நரம்பியல், கடலியல், வானியல், மைக்ரோ எலக்ட்ரானிக்ஸ் போன்ற ஆய்வகங்களில் ஒன்றில் ஓராண்டு ஆய்வு செய்ய வேண்டும். இங்கே மாணவர்கள் கட்டிய டிஜே3சாட் என்ற சிறு செயற்கைக்கோள் 2013 நவம்பரில் வர்ஜீனியாவின் வாலப்ஸ் தீவிலிருந்து விண்ணுக்குப் போனது. மன்றங்களுக்கென்று பள்ளி நேரத்திலேயே வாரத்தில் இரு நாள் எட்டாவது பீரியட் ஒதுக்கியிருக்கிறார்கள். வெகுதூரத்திலிருந்து வரும் பிள்ளைக்கு இது பெரிய வரம். மாலையில் தங்காமலே மன்றத்தில் சேரலாம்.

கணிதத்தை வகுப்பைத் தாண்டி வீட்டில் தானாகவே நோண்டிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு இதற்கு இணையான அரசுப் பள்ளி இந்தப் பகுதியில் இல்லை. அதைத் தயங்காமல் சொல்லலாம்.

இப்போது நாளைக் கணக்கிடுவோம். பள்ளி ஆனண்டேல் பக்கம், பிராடக் ரோடில். ஆஷ்பர்னிலிருந்து 25 மைலுக்கு மேல். நெரிசல் நேரத்தில் ஒரு மணி நேரம் தாண்டும். லவுடன் பேருந்து வீட்டு வாசலுக்கு வராது. பொது நிறுத்தத்துக்குக் கொண்டுவிட வேண்டும். வகுப்பு 8:45-ஐ ஒட்டித் தொடங்கும் என்றால், ஏழு மணிக்குள் நிறுத்தத்தில் நிற்க வேண்டும், ஆறு மணிக்கு எழ வேண்டும். மாலை நான்கை ஒட்டிப் பள்ளி முடிந்து, ஐந்தரைக்கு வீடு. சாப்பாடு, குளியல் போக ஆறரைக்கு உட்கார்ந்து மூன்று மணி நேரம் வீட்டுப்பாடம் என்றால் ஒன்பதரை. எட்டு மணி நேரத் தூக்கம் வேண்டுமானால் பத்து மணிக்கு விளக்கு அணைய வேண்டும். மீதி அரை மணி நேரம். அதற்குள்தான் பரதநாட்டியம், வயலின், நண்பர்கள், சும்மா இருத்தல் எல்லாம். மாலைப் பயிற்சி உள்ள விளையாட்டில் சேர்ந்தால் அந்த அரை மணியும் போய், தூக்கத்தில் கைவைக்கும். விளையாட்டையும் டிஜே அணியில்தான் ஆட வேண்டும். ஏரியா பள்ளி அணியில் முடியாது.

இதைச் சரிக்கட்ட ஃபேர்ஃபாக்ஸுக்கு வீடு மாறும் குடும்பங்கள் உண்டு. அப்படியானால் வாடகை வித்தியாசத்தையும் இளைய பிள்ளையின் பள்ளி மாற்றத்தையும் சேர்த்து டிஜேயின் விலையாகக் கணக்குப் போடுங்கள். மாறாமல் இருந்தால், அவ்வப்போது மாலையில் கூட்டிவரப் போகும் பெற்றோரின் டோல் செலவும் நேரமும் அந்தக் கணக்கில் சேரும்.

மதிப்பெண் பற்றி. நடுநிலைப் பள்ளியில் எப்போதும் முதலிடத்தில் இருந்த பிள்ளை இங்கே நடுவில் நிற்கும். கணக்குப்படி பாதிப் பேர் பாதிக்குக் கீழேதான். வர்ஜீனியா பல்கலைக்கழகமோ வில்லியம் அண்ட் மேரியோ டிஜேயின் பாடச்சுமையை நன்றாக அறிந்தவை. அங்கே வாங்கிய பி-யை ஒரேயடியாகத் தள்ளிவிடமாட்டார்கள். ஆனால் டிஜேயில் படித்தாலே பெரிய கல்லூரி உறுதி என்று எண்ணினால் ஏமாற்றமே. அதே கல்லூரிக்கு அதே பள்ளியிலிருந்து நூற்றுக்கணக்கானோர் விண்ணப்பிப்பார்கள். கல்லூரிக்காக மட்டும் டிஜேக்கு அனுப்புவது சரியான காரணமல்ல. அந்த ஆய்வகத்தில் இருக்கவே பிள்ளை ஏங்குகிறது என்பது சரியான காரணம்.

சேர்க்கை முறை 2020 இறுதியில் மாறியது. நுழைவுத் தேர்வும் 100 டாலர் விண்ணப்பக் கட்டணமும் போயின. ஏறத்தாழ 550 இடங்கள். ஒவ்வொரு அரசு நடுநிலைப் பள்ளிக்கும் அதன் எட்டாம் வகுப்பு எண்ணிக்கையில் 1.5 விழுக்காடு இடம் ஒதுக்கப்படுகிறது; மீதி இடங்கள் பொதுப் போட்டிக்கு. ஜிபிஏ குறைந்தது 3.5, ஹானர்ஸ் நிலையில் ஆல்ஜீப்ரா 1 அல்லது அதற்கு மேல், ஹானர்ஸ் அறிவியல் ஆகியவை அடிப்படைத் தகுதி. அதன் மேல் பிள்ளை தன்னைப் பற்றி எழுதும் ‘ஸ்டூடண்ட் போர்ட்ரெய்ட் ஷீட்’, ஒரு சிக்கலைத் தீர்த்து எழுதும் கட்டுரை. இந்த முறையை எதிர்த்த வழக்கில் 2022 பிப்ரவரியில் மாவட்ட நீதிமன்றம் முறையைத் தவறென்றது. 2023 மேயில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் விசாரிக்க மறுத்தது.

பெற்றோருக்கு இதன் பொருள்: போட்டி முதலில் சொந்தப் பள்ளிக்குள். எட்டாம் வகுப்பில் 400 பேர் உள்ள பள்ளிக்கு ஒதுக்கிய இடம் ஆறு. பல கெட்டிக்காரர்கள் ஒரே நடுநிலைப் பள்ளியில் குவிந்திருக்கும் பிராம்பிள்டன் போன்ற பகுதிகளில் அந்த ஆறில் வராமல் போவது பிள்ளையின் திறமைக் குறைவல்ல. அதைப் பிள்ளையிடம் முடிவு வரும் முன்பே சொல்லி வையுங்கள்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | ஏரியா பள்ளி | சயின்ஸ் / இன்ஜினியரிங் அகாடமி | டிஜே |
|---|---|---|---|
| காலை எழுவது | சுமார் 8 மணி | சுமார் 7:30 | சுமார் 6 மணி |
| உபரிப் பாட இடங்கள் | தாராளம் | மிகக் குறைவு. கோடைப் பாடம் தேவைப்படும் | குறைவு |
| ஆய்வு | தானே தேட வேண்டும் | பாடத்திட்டத்திலேயே | பாடத்திட்டத்திலேயே. ஆய்வக வகைகள் அதிகம் |
| விளையாட்டு, இசை | எல்லாம் பக்கத்தில் | ஏரியா பள்ளியில் தொடரலாம் | டிஜேயில் மட்டும் |
| டிப்ளமா | ஏரியா பள்ளி | ஏரியா பள்ளி | டிஜே |
| திரும்பி வருவது | பொருந்தாது | எளிது. கணிதத்தில் மட்டும் கவனம் | முடியும். நட்பு வட்டம் புதிதாக |

## வெளியே தெரியாத செலவுகள்

எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் உள்ளவரின் குடும்பத்தாருக்கான விசா) இருக்கும் பிள்ளைக்குச் சம்பள வேலை அனுமதி இல்லை. ஊதியம் தரும் கோடை இன்டர்ன்ஷிப் எந்தப் பள்ளியில் படித்தாலும் கிடையாது. டிஜே மாணவர்கள் வெளி ஆய்வகங்களில் வழிகாட்டி ஒருவரின் கீழ் வேலை செய்யும் வாய்ப்பு உண்டு. ஆனால் பாதுகாப்புத் துறை சார்ந்த ஆய்வகங்கள் பலவும் குடிமக்களைத்தான் எடுக்கும். அந்த வாய்ப்புக்காகவே டிஜே என்றிருந்தால் இதை முன்கூட்டியே யோசியுங்கள். ரீஜெனரான் அறிவியல் போட்டிக்குக் குடியுரிமை தேவையில்லை.

எச்-4 பிள்ளைக்குக் கூட்டாட்சி அரசின் கல்லூரி நிதியுதவி கிடையாது. எச்-1பி பெற்றோர் வர்ஜீனியாவில் நிரந்தர வசிப்பிடத்தை நிறுவினால் இன்-ஸ்டேட் கட்டணம் பெற வழி உண்டு. ஆனால் 21 வயதில் எச்-4 முடிந்து, கல்லூரி நடுவில் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற நேரும்போது அந்தச் சலுகை என்னவாகும் என்று பல்கலைக்கழகத்தில் முன்பே கேட்டுவையுங்கள். பணம் இறுக்கமான குடும்பத்துக்கு, கல்லூரியை மூன்றரை ஆண்டில் முடிக்க உதவும் டூயல் என்ரோல்மெண்ட் கிரெடிட், ரேங்கிங்கைவிட மதிப்புள்ளது.

கார். வர்ஜீனியாவில் 15 வயது 6 மாதத்தில் பழகுநர் அனுமதி, 16 வயது 3 மாதத்தில் உரிமம். அகாடமி மாணவர்களுக்கு ஏரியா பள்ளியிலிருந்து பேருந்து உண்டு. ஆனாலும் பதினோராம் வகுப்பில் கார் கேட்கும் பேச்சு வந்தே தீரும். பதின்ம வயதினரைச் சேர்த்ததும் காப்பீட்டுக் கட்டணம் கணிசமாக ஏறும்.

கோச்சிங் சென்டர்கள். தேர்வே இல்லாத டிஜே சேர்க்கைக்கும் கட்டுரைப் பயிற்சி விற்கிறார்கள். பிள்ளை தன் குரலில் எழுத வேண்டிய ‘போர்ட்ரெய்ட்’டை வார்ப்பில் ஊற்றி எடுத்தால், ஒரே மாதிரி எழுதிய நூறு பேரில் ஒருவராகிவிடும். அந்தப் பணத்தில் பாதியை மைக்ரோஸ்கோப்புக்கோ ஆர்டுயினோ பெட்டிக்கோ செலவிடுங்கள். எழுதுவதற்குச் சொந்தமாக ஏதாவது பிள்ளையிடம் இருக்கும்.

## யாருக்கு எது

பல துறைகளில் ஆர்வம் பரவியிருக்கும் பிள்ளை, இசையிலோ விளையாட்டிலோ தீவிரமாக இருக்கும் பிள்ளை, தூக்கம் குறைந்தால் நொறுங்கும் பிள்ளை, அண்மையில்தான் இந்தியாவிலிருந்தோ வேறு மாநிலத்திலிருந்தோ வந்து நட்பு தேடும் பிள்ளை: இவர்களுக்கு ஏரியா பள்ளி. ‘எதுவும் கிடைக்காததால் அங்கே’ என்று அதைப் பற்றி வீட்டில் பேசாதீர்கள்; பிள்ளை அந்தப் பேச்சைச் சுமந்துகொண்டு நான்கு ஆண்டு நடக்கும்.

அறிவியலில் உண்மையான ஈடுபாடு, ஆனால் ஊர் நட்பையும் அணியையும் விட மனமில்லை என்றால் அகாடமி. லவுடன் குடும்பங்களில் பெரும்பாலோருக்கு, இரண்டும் கிடைக்கும் பட்சத்தில், இதுவே டிஜேயைவிடச் சரியான தேர்வு என்பது என் உறுதியான கருத்து. காரணம் மேலே உள்ள கால அட்டவணைதான். கவுண்டியின் கிழக்கு, தெற்கு எல்லையில் இருந்து பயணம் குறைவாகவும், பிள்ளை யாரும் சொல்லாமலே ஆய்வில் மூழ்குவதாகவும் இருந்தால் மட்டும் தராசு டிஜே பக்கம் சாய்கிறது.

## விண்ணப்பத்தில் கவனம்

அகாடமி, டிஜே இரண்டுக்கும் விண்ணப்பம் எட்டாம் வகுப்பின் இலையுதிர் காலத்தில் திறந்து, குளிர்காலத்தில் எழுத்துப் பணி அல்லது மதிப்பீடு நடந்து, வசந்தத்தில் முடிவு வரும். தேதிகள் வேறு வேறு. ஒன்றுக்குப் பதிவு செய்தால் மற்றதற்குத் தானாகப் போகாது. கடைசித் தேதி கடந்தால் விதிவிலக்கு எதிர்பார்க்காதீர்கள். முகவரிச் சான்றாக வாடகை ஒப்பந்தமும் மின்கட்டண ரசீதும் பெற்றோர் பெயரில் தயாராக இருக்கட்டும். நண்பர் வீட்டில் தங்கியிருப்பவர்களுக்கு நோட்டரி பிரமாணம் தேவைப்படும், அதற்கு நாளாகும்.

நடுநிலைப் பள்ளியில் எடுத்த ஆல்ஜீப்ரா 1, ஜியோமெட்ரி, ஸ்பானிஷ் போன்ற உயர்நிலைக் கிரெடிட் பாடங்களின் மதிப்பெண், கல்லூரிக்குப் போகும் பட்டியலிலும் ஏறும். மதிப்பெண் சரியில்லையென்றால் அதை நீக்கக் கோரும் உரிமை வர்ஜீனியாப் பெற்றோருக்கு உண்டு. நீக்கினால் கிரெடிட்டும் போகும், பாடத்தைத் திரும்ப எடுக்க வேண்டியிருக்கும். இந்தக் கோரிக்கைக்குக் கவுண்டி விதிக்கும் தேதி இருக்கிறது. எட்டாம் வகுப்பு முடியும் முன்பே கவுன்சிலரிடம் அந்தத் தேதியைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

டிஜே இப்போது கிடைக்காவிட்டால் ஒன்பதாம் வகுப்பில் மறுபடி விண்ணப்பித்துப் பத்தாம் வகுப்பில் சேரலாம். இதை ‘ஃப்ராஷ்மோர்’ சேர்க்கை என்பார்கள். காலியாகும் இடங்களுக்கு மட்டும் என்பதால் எண்ணிக்கை சிறிது. அதற்கு விண்ணப்பிப்பதா என்பதை ஒன்பதாம் வகுப்பின் முதல் மாதங்களைப் பார்த்த பிறகு, பிள்ளையே சொல்லட்டும்.